பதினெட்டு மீட்டர் கோடித்துணி

ஹட்டன் துணிக்கடைக்காரர்களில் பாதிப் பேருக்கு என்னைக் கண்டால் ஆகாது. எனக்கும் அவர்களைக் கண்டால் ஆகாது. ஒரு கடையில் எனக்கு 'நெருப்புப்பெட்டி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நான் வாசலில் கால் வைத்தால் போதும், உள்ளிருந்து குரல் வரும்: "நெருப்புப்பெட்டி வருது, ரோலையெல்லாம் உள்ள எடு."

அந்தப் பெயர் வந்ததற்கு நாடகம்தான் காரணம். எங்கள் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலைக் குழு வருடா வருடம் ஹட்டனில் ஒரு போட்டிக்கு நாடகம் கொண்டுபோகும். போன வருடம் நான் எழுதிக் கொடுத்தேன். நம் ஆட்கள் முதன்முதலாக இந்தியாவிலிருந்து கடல் தாண்டி, காட்டுவழியாக நடந்தே மலையேறி வந்த கதை. எட்டுப் பெண்கள், நான்கு ஆண்கள். பெண்கள் எட்டுப் பேரும் கொழுந்து எடுக்கிறவர்கள். மேடை என்றால் இருப்பதிலேயே நல்லதை உடுத்த வேண்டும் என்பது அவர்கள் கட்சி. ஜரிகை போட்ட நைலான் சேலையில் பசியால் மயங்கி விழுந்தார்கள். விழும்போது பளபளத்தார்கள்.

முன்வரிசையில் கொழும்பிலிருந்து வந்த நடுவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாடகம் முடிந்ததும் மைக்கை வாங்கி, "இவங்க கப்பலேறி வந்தாங்களா, கல்யாணத்துக்கு வந்தாங்களா?" என்று கேட்டார். மண்டபமே சிரித்தது. மேடையில் நின்ற என் அத்தையின் முகத்தை நான் பார்த்தேன். அப்பாவின் தங்கை. நாடகத்தில் முக்கிய வேஷம் அவருக்குத்தான். திரும்பி வந்து தோட்டத்து முச்சந்தியில் வேனைவிட்டு இறங்கியதும் சொன்னார்: "அடுத்த வருசமும் எவனாச்சும் சிரிச்சான்னா, ஒன் நாடகத்துக்கு ஒரு பொம்பள வர மாட்டா. எழுதி வச்சுக்க."

எழுதி வைத்துக்கொள்ளத் தேவையிருக்கவில்லை. எங்கள் வீட்டில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான். அந்தப் படிப்பு எனக்கு வேலை எதுவும் வாங்கித் தரவில்லை. கொழும்புப் பக்கம் ஒரு கார்மென்ட் ஃபேக்டரியில் இரண்டு வருடம் தைத்தேன், ஒரு பழைய தையல் மெஷினோடு தோட்டத்து வரிசைவீடான லயத்துக்குத் திரும்பி வந்தேன். படித்தவன் என்று சொல்லிக்கொள்ள என் கையில் இருந்தது அந்த நாடகம் மட்டும்தான். அதை நைலானுக்குப் பறிகொடுக்க எனக்கு மனமில்லை. இந்த வருடமும் அதே நாடகத்தைக் கொண்டுபோவது, எட்டுப் பேருக்கும் அந்தக் காலத்து உடுப்பை நானே தைப்பது என்று முடிவு செய்தேன். வெளுக்காத, முரட்டுப் பருத்தித் துணி வேண்டும். அவ்வளவுதான். அது கிடைக்காது என்று யார் நினைப்பார்கள்?

துணி பருத்திதானா என்று பார்க்க ஃபேக்டரியில் ஒரு வழி கற்றிருந்தேன். ஓர் இழையை உருவி நெருப்பில் காட்ட வேண்டும். பருத்தியென்றால் கடதாசி எரிகிற வாசம் வரும். மிஞ்சுகிற சாம்பலை விரலில் தேய்த்தால் பறந்துவிடும். பொலியெஸ்டர் என்றால் சுருண்டு, நாற்றமடித்து, கடைசியில் கறுப்புக் கடுகு மாதிரி இறுகிப்போகும். கடைக்காரரின் வாய் என்ன சொன்னாலும் அந்தக் கடுகு பொய் சொல்லாது.

முதல் கடையில் கேட்டேன்: "வெளுக்காத கொட்டன் இருக்கா அண்ணே? முரட்டுத் துணி."

"எல்லாமே கொட்டன்தான் தம்பி."

இழையை உருவிக் குச்சியைக் கிழித்தேன். கடுகு.

"இது கொட்டன் இல்லையே."

"கொட்டன் மாதிரி."

"மாதிரி வேணாம் அண்ணே. நாடகத்துக்கு. நம்மாளுக மொதமொதல்ல வந்தப்ப உடுத்துன துணி வேணும்."

"அப்ப ஒங்காளுங்க என்னத்த உடுத்துனாங்க? கோவணத்துக்கு எதுக்குத் துணிக்கடை?"

வேலைக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். 'ஒங்காளுங்க' என்று சொன்ன அந்த மனிதரின் தாத்தா டிக்கோயா பக்கத்து லயமொன்றிலிருந்து டவுனுக்கு இறங்கியவர் என்பது ஊருக்கே தெரியும். நான் அடுத்த ரோலில் இழையை உருவினேன். இரண்டாவது குச்சியைக் கிழித்தபோது அவர் கல்லாவைவிட்டு எழுந்தே வந்துவிட்டார். "கடைய எரிக்க வந்தியாடா நீ?"

அடுத்த கடை ஒரு சிங்களவருடையது. மரியாதையாகத்தான் பேசினார். ஒரு துணியைக் கசக்கி விரித்துக் காட்டி, "மல்லி, மேக அயன் கரன்னவத் ஓன நே" என்றார். இஸ்திரி போடவே தேவையில்லையாம். இஸ்திரி தேவைப்படாத துணியில் யாரும் காட்டுவழி நடந்து வந்ததில்லை என்று சொல்லும் அளவுக்கு என் சிங்களம் போதாது. தலையாட்டிவிட்டு வந்தேன்.

மஸ்கெலியாவில் பள்ளிக்கூட யூனிஃபோர்ம் வெள்ளைதான் இருந்தது. நீலம் போட்ட, கண்ணைக் குத்துகிற வெள்ளை. நுவரெலியாவில் ஒரு கைத்தறிக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நான் தேடிய துணியே தொங்கியது. கதவைத் திறந்ததும் விற்பனைப் பெண் முதலில் என் செருப்பைத்தான் பார்த்தாள். தோட்டத்துச் சேறு. "அண்ணே, அது வெளிநாட்டுக்காரங்களுக்கு" என்றாள். "நானும் வெளியிலயிருந்து வந்த ஆளுதான், வந்து கொஞ்ச நாளாச்சு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. தொட்டுப் பார்க்கவும் விடவில்லை. அந்தக் கடை இப்போதும் அங்கேதான் இருக்கிறது. அந்தத் தெருவில் போனால் நான் எதிர்ப்பக்கமாகத்தான் நடப்பேன்.

கடைசியில் கிடைத்தது டிக்கோயாவில், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில். பெயர்ப்பலகை இல்லாத சின்னக் கடை. ஒரு பக்கம் மாலை கட்டுகிறவர், மறுபக்கம் சவப்பெட்டி செய்கிறவர். கீழ்த்தட்டில் அந்த ரோல் கிடந்தது. வெளுக்காத நிறம், இடையிடையே பருத்திக்கொட்டையின் பழுப்புத் துணுக்குகள், கையில் எடுத்தால் கனம். இழையை உருவி எரித்தேன். கடதாசி வாசம். ஊதினேன், பறந்துவிட்டது. அத்தனை கடையிலும் நெருப்பைக் கண்டு கத்தாதவர் அந்தக் கடைக்காரர் ஒருவர்தான்.

"யாரு தம்பி தவறுனது?" என்று கேட்டார்.

"யாருமில்லங்க. நாடகத்துக்கு."

எடுத்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "இது கோடித்துணி."

"தெரியுங்க."

"தெரிஞ்சுமா கேக்குற? எத்தன மீட்டர்?"

"பதினெட்டு."

"பதினெட்டு மீட்டர் கோடி நான் ஒரு வீட்டுக்கு வெட்டுனதே இல்ல தம்பி. ஒண்ணு மட்டும் சொல்லிப்புடுறேன். இந்தத் துணிய நான் திரும்ப எடுக்க மாட்டேன். என்ன ஆனாலும்."

பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். போயிட்டு வாங்க என்று சொல்லவில்லை. அந்த மாதிரிக் கடையில் சொல்ல மாட்டார்கள்.

தெரியும் என்று நான் சொன்னது பொய்யில்லை. செத்தவர்மேல் சொந்தக்காரர்கள் கொண்டுவந்து போர்த்துகிற புதுத்துணி அது. எத்தனையோ சாவு வீட்டில் பார்த்திருக்கிறேன். ஆனால் வெட்டித் தைத்து, தேயிலைத்தூளில் போட்டுக் கொதிக்கவைத்துச் சாயமேற்றிவிட்டால் அது கோடியில்லை, உடுப்பு என்று நினைத்தேன். பதின்மூன்று வருடம் பள்ளிக்கூடம் போனவனுக்கு அப்படித்தான் தோன்றும்.

மறுநாள் எல்லோரும் மலைக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். அப்பாவுக்கு மட்டும் மூன்று நாளாகக் காய்ச்சல், உள்ளே காம்பரா அறையில் படுத்திருந்தார். புதுத் துணியை அலசாமல் தைத்தால் பிறகு சுருங்கிவிடும். எட்டு உடுப்பும் வீணாகும். அதனால் பீலியில் விழுகிற தண்ணீரில் வைத்துக் கஞ்சி போக அலசினேன். வெட்டாத முழுத்துணி. கூரை மூலையிலிருந்து கொய்யாமரம் வரை கயிறு கட்டி, எங்கள் வாசலுக்கு நேராக, போகவரப் போகவர நான்கு மடிப்பாகக் காயப்போட்டேன். காற்றில் நன்றாக விரிந்தது. இரண்டு அடி தள்ளி நின்று பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

எங்கள் லயத்துக்கு நேர் எதிரேதான் அன்றைக்குக் கொழுந்து எடுத்த மலை. அங்கிருந்து பார்த்தவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும்? காய்ச்சல்காரன் படுத்திருக்கிற வீட்டு வாசலில் கோடி தொங்குகிறது.

முதலில் ஒரே ஒரு கூச்சல் கேட்டது. பிறகு மலையெங்கும் கூச்சல். கூடையோடு பெண்கள் குறுக்குப் பாதையில் ஓடி வருவதைப் பார்த்தேன். எங்கேயோ என்னவோ என்றுதான் நினைத்தேன். அத்தை முன்னால் வந்தார். பாதி வழியிலேயே ஒப்பாரி தொடங்கிவிட்டது. "எங்கண்ணே! இந்தத் தங்கச்சிகிட்ட ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டியே!" பின்னால் அம்மா. அம்மா அழவில்லை, வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. வந்த வேகத்தில் வாசற்படியில் விழுந்தார்.

அந்த நேரம் அப்பா கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே வந்தார். "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள், துணியைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். அத்தை கூடையைக் கழற்றி என்மேல் எறிந்தார். பச்சைக் கொழுந்து தலையெல்லாம் கொட்டியது.

"உசுரோட இருக்குற மனுசனுக்குக் கோடி தொங்கவிட்டிருக்கியேடா, படிச்ச நாயே!"

"நாடகத்துக்கு அத்த. உடுப்புத் தைக்க..."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். எட்டுப் பேருக்கும்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருத்தி என் முகத்துக்கு நேரே துப்பினாள். இன்னொருத்தி, "எங்க எட்டுப் பேரையும் மொத்தமா வழியனுப்பத்தான் ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் அலைஞ்சியா?" என்று கேட்டாள். அப்பா மெதுவாக நடந்து போய்த் துணியின் ஓரத்தை விரலில் பிடித்துப் பார்த்தார். "நல்ல கனமாத்தான் இருக்கு. இதுல எனக்கு எத்தன மீட்டர்?" என்றார். பிறகு ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. ஓடி வந்தவர்கள் எல்லோருக்கும் கங்காணி அன்றைக்கு அரைப்பேர்தான், பாதிநாள் சம்பளம்தான், போட்டார். அதுவும் என் கணக்கில்தான் சேர்ந்தது.

ஒத்திகைக்கு ஒருவரும் வரவில்லை. போட்டிக்கு இரண்டு வாரம்தான். வாசிகசாலையைத் திறந்துவைத்துக்கொண்டு ஆண்கள் நான்கு பேரும் நானும் உட்கார்ந்திருந்தோம். அவர்களில் ஒருவன் கேட்டான்: "நாங்க சேலை கட்டிக்கவா?" நான்காவது நாள் பொறுக்காமல் அத்தை வீட்டுக்குப் போனேன். உட்கார் என்று சொல்லவில்லை.

"அத்த, அது வெறும் துணி."

"அப்ப நீ உடுத்திக்க."

"சாயம் போட்டா தெரியாது அத்த."

"பாக்குறவனுக்குத் தெரியாது. உடுத்துறவளுக்கு?"

"போன வருசம் அந்தாளு சிரிச்சத மறந்துட்டீங்களா?"

"மறக்கல. அவன் எஞ்சேலயப் பாத்துச் சிரிச்சான். நீ எனக்குப் பொணத்துத் துணி கொண்டாந்த. இதுல எது மருமவனே கேவலம்?"

கோபம் வந்துவிட்டது. "நடந்து வந்தவங்க வழியில செத்தப்ப அவங்களுக்கு இந்தத் துணிகூடக் கெடைக்கல. ஒங்களுக்குத் தேடிக் கொண்டாந்தா கொழுப்பு" என்றேன்.

அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்த அத்தையின் கை நின்றது. திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "வெளிய போ."

இரண்டு நாள் கழித்து, வேலை முடிந்து வருகிற வழியில் எங்கள் வாசலுக்கு முன்னால் நின்றார். உள்ளே வரவில்லை. வாசலோரத் தண்ணீர்க் கானுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கூப்பிட்டார்.

"டேய் படிச்சவனே! அவங்களுக்குக் கெடைக்கலன்னு சொன்னியே. அப்ப அவங்களுக்குப் போடு. எங்களுக்கு எதுக்குப் போடுற?"

"எப்பிடி அத்த?"

"எப்பிடின்னு எங்கிட்ட கேக்குற. எழுதுனவன் நீதானே? வழியில செத்தவங்களுக்கு நாங்க போர்த்துறோம். ஆள் படுக்கக் கூடாது, எட்டுக் கல்லு வை. கத்தரி வைக்காத, கையால கிழி. எங்களுக்கு உடுத்த வேற துணி தேடு. இல்லாட்டி நைலான்தான், சொல்லிட்டேன்."

போய்விட்டார். எனக்கு நன்றியெல்லாம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. நாடகம் எழுதியவன் நான், ஒரு வருடமாக அதையே நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

மறுபடியும் ஹட்டனுக்குப் போகப் பையை எடுத்தேன். மூலையில் உட்கார்ந்து கூடைக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த அம்மா, தலையில் கட்டியிருந்த துணியை உருவி என்மேல் எறிந்தார். கூடைக் கயிறு தலையில் அழுத்தாமல் இருக்க மடித்து வைக்கிற துணி.

"நைலான் வச்சா கயிறு வழுக்கும். அதுக்குன்னு பழைய சேலயக் கிழிச்சு வச்சிருக்கோம். ஊரெல்லாம் சுத்துனியே, இந்த வீட்ல ஒரு நாளாச்சும் கேட்டியா?"

என் கை தானாக ஓர் இழையை உருவியது. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். "எரி. அதையும் எரிச்சுப் பாத்துக்க. பெத்தவ சொன்னா நம்ப மாட்டியே."

எரித்தேன். கடதாசி வாசம்.

பிறகு வீடு வீடாகப் போனேன். தலைக்குக் கிழிக்க, தொட்டில் கட்ட என்று ஒவ்வொரு வீட்டிலும் பழைய பருத்திச் சேலை ஒன்றிரண்டு மூட்டையாகக் கிடந்தது. கொடுத்தார்கள், ஆனால் சும்மா கொடுக்கவில்லை. "இது கோடியில்ல, பயப்படாத" என்றாள் ஒருத்தி. "எரிக்காம திருப்பிக் குடுத்துரு" என்றாள் இன்னொருத்தி. ஒரு கிழவனார், "ஏண்டா, ஆம்பளைக்கு இது ஒரு வேலையா?" என்று கேட்டார். எல்லாவற்றையும் தேயிலைத்தூளில் கொதிக்க வைத்தேன். எட்டுச் சேலையும் ஒரே மண் நிறத்துக்கு வந்தன. ஒட்டுப் போட்டுத் தைத்த இடங்களை மறைக்காமல் விட்டேன்.

போட்டி காலையில். ஆண்கள் ஆற்றுக் கல்லைச் சுமந்து மேடையேற்றினார்கள். பெண்கள் மண் நிறச் சேலையில் நடந்து வந்து, துணியைக் கையால் கிழித்தார்கள். முரட்டுத் துணி கிழிகிற சத்தம் மண்டபத்தின் கடைசி வரை கேட்டது. ஒவ்வொரு கல்லாகப் போர்த்தினார்கள். வசனம் இருந்த இடத்தில் அத்தை வசனம் பேசவில்லை. அப்பாவுக்காகப் பாதி வழியில் தொடங்கி நிறுத்திய அந்த ஒப்பாரியை அங்கே முடித்தார். யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒருவர் எழுந்து, சாவு வீட்டு வாசலில் செய்வது மாதிரி செருப்பைக் கழற்றி வைத்ததைப் பார்த்தேன்.

பரிசு வேறு குழுவுக்குப் போனது. அதே நடுவர்தான் இந்த வருடமும். கீழே வந்து என் தோளில் தட்டி, "கொஸ்டியூம் நல்லாருந்துச்சு தம்பி. அந்த வெள்ளத் துணி எந்தக் கடையில எடுத்தீங்க?" என்றார்.

"ஞாபகமில்லைங்க."

அத்தையிடம் பரிசு இல்லை என்று சொன்னேன். "பரிச அவனே போர்த்திக்கட்டும். சிரிக்கலதானே?" என்றார். "அடுத்த வருசத்துக்கு வேற எழுது."

அதோடு முடிந்திருக்கலாம். நான் கல்லின் மேலிருந்த துணியையெல்லாம் எடுத்து மடித்து வேனில் ஏற்றப் போனேன். அவ்வளவு நல்ல பருத்தியை நான் அதற்கு முன்னும் தொட்டதில்லை, பின்னும் தொட்டதில்லை. எட்டுப் பேரும் கதவை மறித்து நின்றார்கள்.

"போர்த்துன கோடி வீட்டுக்கு வராது" என்றார் அத்தை.

"கல்லு மேல போர்த்துனது அத்த."

"கல்லுன்னு ஒனக்குத்தான் தெரியும். நாங்க அழுதது கல்லுக்கா?" என்னை மேலும் கீழும் பார்த்தார். "அது ஏறுனா நாங்க எறங்குறோம். நீயே முடிவு பண்ணு."

வேன் போய்விட்டது. நான் துணி மூட்டையோடு டிக்கோயா ரோட்டில் நடந்தேன். பின்னால் வந்த பஸ் நின்றது. கண்டக்டர் மூட்டையிலிருந்து தொங்கிய ஓரத்தைப் பார்த்துவிட்டு, "போ போ" என்று பஸ்ஸைத் தட்டி அனுப்பினார். கடை வாசலுக்குப் போனேன். கடைக்காரர் நான் வாய் திறக்கும் முன்பே கையை உயர்த்தினார். "சொன்னேனே தம்பி."

ரோட்டுக்குக் கீழே ஓடைக்கரையில் இறங்கினேன். கிழிந்த எட்டுத் துண்டையும் கல்லின் மேல் குவித்தேன். அத்தைமேல் கோபம், கடைக்காரர்மேல் கோபம், அந்த நடுவர்மேலும் கோபம். நெருப்புப்பெட்டியில் மூன்று குச்சிதான் மிச்சம். முதல் குச்சியிலேயே பற்றிக்கொண்டது. கறுப்புப் புகை வரவில்லை, கடதாசி வாசம்தான் வந்தது. அணைந்த பிறகு சாம்பலுக்குள் கையைவிட்டுத் துழாவினேன். ஒரு கடுகுகூட இல்லை. அந்த டவுன்களிலேயே பொய் சொல்லாத கடைக்காரர் அவர் ஒருவர்தான். அவரிடம் நான் இனிமேல் போகப்போவதில்லை.